ஒரே கிளை, முப்பது காலை: கேமராவோடு நம்பிக்கையைப் பழகும் வழி

மனசு சோர்ந்து கிடக்கிறவரிடம் "வெளியே போய் நாலு போட்டோ எடு, எல்லாம் சரியாயிடும்" என்று சொன்னால் எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. அழகான பூ ஒன்றைப் படமெடுத்தால், போனில் ஏற்கெனவே கிடக்கும் நூறு பூக்களோடு அது நூற்றியொன்றாகச் சேரும். அவ்வளவுதான்.

படமெடுப்பது மனத்துக்குக் கைகொடுப்பது வேறு வழியில். ஒரே பொருளிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும், தேதியோடு எடுக்க வேண்டும், வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். நேற்றும் இன்றும் ஒரே மாதிரி தெரிந்த கிளைதான்; ஆனால் பன்னிரண்டாம் நாள் படத்தை முதல் நாள் படத்தின் பக்கத்தில் வைத்தால் வேறு கிளையோ என்று தோன்றும். தினமும் பார்க்கிற கண் மாற்றத்தைத் தவறவிட்டுவிடுகிறது. "எதுவுமே நகரவில்லை" என்று மனம் அடம்பிடிக்கும் நாளில், நகர்ந்திருக்கிறது என்று காட்டக் கையில் சாட்சி இருக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்தச் சாட்சியைச் சேர்க்கும் வேலைதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது

வாசலிலிருந்து ஐம்பது அடிக்குள் இருக்க வேண்டும். செருப்பு மாட்டவே மனம் வராத நாளிலும் போய்வர முடிய வேண்டும். ஒரு மாதத்துக்குள் மாறக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கிளையின் நுனி, தொட்டியில் ஒரு செடி, சுவர் விரிசலில் முளைத்த ஏதோ ஒன்று, தரையில் நகரும் வெயில் கட்டம், இவை எல்லாமே சரிப்படும். முழு மரம் வேண்டாம். அவ்வளவு பெரிய உருவத்தில் மாற்றம் கண்ணுக்குப் படாது. பறவையும் வேண்டாம், அது வராமல் போகும் நாளில் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வெளியே போகவே முடியாதென்றால் ஜன்னல் போதும். செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசெஃப் சுதெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிராக் நகரம் ஜெர்மானியப் பிடியில் இருந்தபோது, 1940இல் தன் ஸ்டுடியோ ஜன்னலைப் படமெடுக்கத் தொடங்கி 1954 வரை அதைத் தொடர்ந்தார். அதே கண்ணாடி, வெளியே அதே கோணல் மரம். மாறியதெல்லாம் பனியும் கண்ணாடியில் படிந்த ஈரமும் பருவமும்தான்.

முதல்முறை தொடங்குகிறவருக்கு எங்கள் தேர்வு, இலை உதிர்ந்த கிளை. பார்க்க மொட்டையாக, ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். நெருங்கிப் பாருங்கள். இலை கழன்ற இடத்தில் கேடயம் போலவோ லாடம் போலவோ சிறு வடு இருக்கும். அந்த வடுவுக்குள் ஊசியால் குத்தியதுபோல் சில புள்ளிகள். இலைக்கு நீர் கொண்டுபோன குழாய்கள் அறுந்த இடம் அது. வடுவுக்கு நேர் மேலே, எள்ளளவிலோ நெல்மணி அளவிலோ, செதில் போர்த்திய மொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். இலை உதிர்ந்த பிறகு வந்த மொட்டு அல்ல அது. பெரும்பாலான இலையுதிர் மரங்களில், பழைய இலை பச்சையாக இருந்தபோதே அதன் கக்கத்தில் இந்த மொட்டு உருவாகிவிடுகிறது. வடுவும் மொட்டும் ஒரே ஃபிரேமில் வரும்படி எடுத்தால் அதுதான் உங்கள் முதல் நாள் படம்.

ஒன்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், மூன்று பொருள்களைத் தொடருங்கள். செடி பட்டுப்போகலாம், பூச்சி அரிக்கலாம், யாராவது கிளையை ஒடித்துவிடலாம். நம்பிக்கைக்காகத் தொடங்கிய வேலை ஒரே ஒரு செடியின் உயிரில் தொங்குவது நல்லதல்ல.

நெருங்கி எடுப்பது

எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் வெறுமனே பாருங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவிருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்த மறதி ஏற்படவில்லை. அதாவது, எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தால் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்று மூளை விட்டுவிடுகிறது. ஒரு பகுதியைத் தேடிப் பிடித்தால் கவனம் நிலைக்கிறது.

போனில் எடுப்பவர்கள் முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் வெளிச்சம் பாலாடை கட்டியதுபோல் பரவும். பாதிப் படங்கள் மங்கலாக வருவது இதனால்தான். மென்மையான பருத்தித் துணியும் வாயால் ஊதிய ஆவியும் போதும்.

அடுத்த தவறு, அளவுக்கு மீறி நெருங்குவது. பல போன்களின் முதன்மை லென்ஸ் 10 முதல் 20 சென்டிமீட்டருக்குள் வந்தால் ஃபோகஸ் ஆகாது. திரையில் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும், வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் பின்னால் உள்ள சுவர்தான் தெளிவாக இருக்கும். ஒரு சாண் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்துப் பிறகு க்ராப் செய்வதே மேல். மேக்ரோ வசதி, அதாவது மிக நெருங்கி எடுக்கும் வசதி, உள்ள பல போன்களில் அகலக்கோண லென்ஸ் இயங்கும். 2–5 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். ஆனால் அத்தனை அருகில் போனின் நிழலே மொட்டின் மேல் விழும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்படி திரும்பி நில்லுங்கள்.

மொட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். அதன்பின் திரையைத் தொடாமல் உடம்பை மட்டும் இம்மி இம்மியாக முன்னும் பின்னும் அசைத்து, தெளிவு வரும் இடத்தில் தொடர்ந்து நாலைந்து படம் எடுங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திய கணத்தில் அழுத்துங்கள். திரையைத் தட்டும்போது போன் ஆடினால் ஒலிப் பொத்தானையோ 3 நொடி டைமரையோ பயன்படுத்தலாம்.

தனிக் கேமரா இருந்தால் லென்ஸ் துளையின் அளவு எஃப் 8, ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒரு பங்கு, வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 3200. காற்று இருந்தால் 500இல் ஒரு பங்கு. இந்த நெருக்கத்தில் தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். கிளைக்கு இணையாகக் கேமராவைப் பிடித்தால் வடுவும் மொட்டும் சேர்ந்து தெளிவாக வரும். சாய்த்துப் பிடித்தால் இரண்டில் ஒன்றுதான்.

காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். காலையில் தரை சூடேறுவதற்கு முன் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்போதும் ஆடினால், பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, துணி மாட்டும் கிளிப்பால் தண்டைக் குச்சியோடு லேசாகப் பிடித்து வையுங்கள். எடுத்து முடித்ததும் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள்.

அதே இடம், அதே உயரம்

வரிசை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். முதல் நாள் நின்று எடுத்திருப்பீர்கள், ஐந்தாம் நாள் குனிந்து, பத்தாம் நாள் வேறு லென்ஸில். முப்பது நாள் கழித்துப் பார்த்தால் மாறியது கிளையா நீங்களா என்று தெரியாது.

நிற்கும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். போனைத் தினமும் ஒரே சுவர் விளிம்பிலோ கம்பியிலோ சாய்த்துப் பிடியுங்கள். கேமராவின் கட்டக் கோடுகளை இயக்கி, அசையாத ஒன்றை, அதாவது கிளையின் ஒரு கணுவையோ ஜன்னல் சட்டத்தின் மூலையையோ, தினமும் அதே கோடுகள் வெட்டும் புள்ளியில் நிறுத்துங்கள். நேற்றைய படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்தால் கோணம் தானாக அமையும். நேரம் 15 நிமிடம் முன்பின் ஆகலாம். அதற்கு மேல் போனால் நிழலின் திசை மாறிவிடும்.

ஒயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறச் சாய்வைக் கேமரா சரிசெய்யும் அமைப்பை, ஆட்டோவில் விடாதீர்கள். விடியல் வெளிச்சத்தின் மஞ்சளை "பிழை" என்று நினைத்து கேமரா ஒருநாள் திருத்தும், மறுநாள் விட்டுவிடும். அளவுகளை நாமே மாற்ற விடும் ப்ரோ மோடில் 5500 கெல்வின் என்று நிலையாக வைத்துவிடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை, இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டியதில்லை.

வெளிச்ச அளவில் ஒரு சூட்சுமம். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் பழக்கம். இருட்டுப் பின்னணியில் வெள்ளைப் பூ இருந்தால், இருட்டைத் தூக்குவதாக நினைத்து இதழ்களை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். அப்போது வெளிச்சத்தை 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). மூடுபனிக் காலையில் நேர்மாறு: எல்லாம் அழுக்குச் சாம்பலாக வரும், 0.7 ஸ்டாப் கூட்டுங்கள்.

வரிசையில் வைக்க ஒரு நாளைக்கு ஒரு பொருளுக்கு ஒரு படம் போதும். நாள் தவறினால் தவறட்டும். மறுநாள் இரண்டு எடுத்து ஈடுகட்ட முயல வேண்டாம். வரிசையில் இருக்கும் ஓட்டையும் அந்த மாதத்தின் உண்மைதான். அதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ளத் தொடங்கினால் இந்தப் பழக்கமே இன்னொரு சுமையாகிவிடும்.

வெளிச்சத்தைத் துரத்தாமல் இருப்பது

சூரியன் உதித்த ஒரு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் படமெடுக்க ஏற்ற பொழுது என்று சொல்வார்கள். உண்மைதான், வெளிச்சம் தாழ்வாக, இதமாக வரும். ஆனால் மனம் சோர்ந்த ஒருவரை விடியற்காலையில் எழச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராத யோசனை. மேகமூட்டமான நாளை யாரும் பொருட்படுத்துவதில்லை. முழு வானமும் ஒரே விளக்காகி, கடுநிழல் இல்லாமல், இலையின் பச்சை ஆழமாக வரும் நாள் அது. பட்டப்பகலிலும் வழி உண்டு. இலைக்கு அடியில் நின்று, சூரியனை அந்த இலை முழுதாக மறைக்கும்படி வைத்து அண்ணாந்து எடுத்தால் நரம்புகள் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். கேமராவின் கண்துளை வழியாகச் சூரியனை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும்.

அதே மரத்தடியில் தரையையும் பாருங்கள். இலைகளுக்கு இடையே உள்ள சந்துகள் தாறுமாறான வடிவில் இருக்க, தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகள் மட்டும் ஏன் வட்டமாக இருக்கின்றன? ஒவ்வொரு சந்தும் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்கிறது. அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் சூரியனின் உருவம். பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அத்தனையும் பிறைகளாக மாறுவது இதனால்தான். சந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் பொட்டு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளைச் சூரியனை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் வட்டம் கோணாமல் விழும். பொட்டின் வெள்ளை வெளுத்துப் போகாதபடி ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

பனித்துளிக்கு விடியலில் எழுந்துதான் ஆக வேண்டும், அதைச் சுற்றிவளைக்க வழியில்லை. மேகமில்லாத, காற்றில்லாத இரவுக்கு அடுத்த காலையில் தேடுங்கள். வெயில் தொட்ட இடத்தில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். புல்நுனியில் தொங்கும் துளிக்கு 3–5 சென்டிமீட்டர் பின்னால் ஒரு பூ இருந்தால், துளிக்குள் அந்தப் பூ தலைகீழாகத் தெரியும், ஏனென்றால் துளியே ஒரு லென்ஸ். துளியின் விளிம்பில் அல்லாமல், உள்ளே தெரியும் பூவில் ஃபோகஸ் வையுங்கள். போனுக்கு மேல் மாட்டும் சிறு மேக்ரோ லென்ஸ் இல்லாமல் இது அநேகமாகக் கைகூடாது. தண்ணீர் தெளித்து எடுக்கலாமா? பழகுவதற்குத் தாராளமாக. வரிசைப் படத்தில் மட்டும் வேண்டாம். நீங்களே ஜோடித்த சாட்சியை உங்கள் மனம் நம்பாது.

நடக்கப் போகும்போது

வாரம் ஒருமுறை 15 நிமிடம் நடங்கள். கலிஃபோர்னியாவில் முதியவர்களிடம் நடத்தி 2020இல் வெளியான ஓர் ஆய்வில் அளவு இதுதான்: எட்டு வாரம், வாரம் ஒரு நடை, கால் மணி நேரம். ஒரு பிரிவினரை மட்டும், வியக்கவைக்கும் எதையாவது தேடியபடி நடக்கச் சொன்னார்கள். நடையில் எடுத்த செல்ஃபிகளை ஒப்பிட்டபோது, வாரம் போகப் போக இந்தப் பிரிவினரின் உருவம் ஃபிரேமில் சிறுத்துக்கொண்டே வந்தது, சுற்றுப்புறம் பெரிதானது, சிரிப்பு விரிந்தது. நடையில் மூன்று படத்துக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்றுதான் என்று தெரிந்தால் எதை எடுப்பது என்று கண் தேடும். கணக்கில்லை என்றால் விரல்தான் வேலை செய்யும்.

கூடு கண்ணில் பட்டால் விலகிப் போய்விடுங்கள். நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டையே கைவிடக்கூடும். படத்துக்காகக் கிளையை வளைக்கவோ பூவைப் பறிக்கவோ வேண்டாம்.

உதிர்கிற நாள்

"நம்பிக்கைப் படம்" என்றதும் மலர்ந்ததை மட்டும் எடுத்து, வாடியதும் நிறுத்திவிடுகிறோம். நிறுத்தாதீர்கள். இதழ் உதிர்ந்த பிறகு இன்னும் பத்து நாள் அதே இடத்தில் எடுங்கள். மகரந்தம் சேர்ந்திருந்தால், பூவின் அடியில் இருந்த சூலகம் பருக்கத் தொடங்கும். முதல் மூன்று நாள் பார்க்கவே பரிதாபமாக, பழுப்பு நாராகத் தொங்கும். நாலைந்து நாளில் காம்பின் தலையில் பச்சைப் புடைப்பு தெரியும். சில பூக்கள் காய் பிடிக்காமல் காம்போடு விழுந்தும்விடும். அந்தப் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கேமரா அதற்கு மாற்று இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே உதவி கேளுங்கள்.

பொறுமை இல்லாதவருக்கு இரண்டு நாள் பாடம்

முப்பது நாள் காத்திருப்பது மலைப்பாக இருந்தால் ஏதாவது ஒரு பயறை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, தட்டில் ஈரப் பஞ்சின் மேல் வைத்தால், வெதுவெதுப்பான அறையில் ஒன்றிரண்டு நாளில் வேர் எட்டிப் பார்க்கும். போனை முக்காலியில் நிறுத்தி, இடைவெளி விட்டுத் தானே படமெடுக்கும் செயலியில் 10 நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்தால் 48 மணி நேரத்தில் 288 படம். நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் 12 நொடி வீடியோ.

கெடுவது மூன்று இடங்களில். பகல் வெளிச்சம் ஏறி இறங்கினால் வீடியோ மின்னி மின்னி வரும். ஜன்னலை மூடி ஒரே விளக்கில் எடுங்கள், ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டுங்கள். சார்ஜரை மாட்டிவைக்காவிட்டால் பாதி ராத்திரியில் போன் அணைந்துவிடும். பஞ்சு காய்ந்தால் முளை நின்றுவிடும். தட்டை அசைக்காமல் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விடுங்கள்.

வாரம் பத்து நிமிடம்

எடுத்ததோடு விட்டால் இத்தனை உழைப்பும் போன் நினைவகத்தில் மக்கிப்போகும். வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நாளுக்கு ஒரு படம் மட்டும் தனி ஆல்பத்தில் சேர்த்துவிட்டு மற்றதை அழியுங்கள். இந்த வாரத்தின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அடுத்தடுத்துத் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். "இன்று மனம் லேசானது" என்ற மாதிரி வேண்டாம். "மொட்டின் நுனியில் செதில் பிளந்திருக்கிறது" என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். உணர்வை எழுத உட்கார்ந்தால் பல நாள் பொய் எழுத வேண்டிவரும். தினம் ஒரு படம் எடுக்கும் பழக்கத்தைப் பற்றி லான்காஸ்டர், ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வும், எடுப்பதோடு நிற்காமல் படத்துக்கு நாலு சொல் எழுதுவதையும் பிறரோடு பகிர்வதையும் பயனின் பகுதியாகவே காட்டியது.

பகிர்வதில் ஒரு எச்சரிக்கை. விருப்பக்குறி எண்ணிக்கை பார்க்கும் இடத்தில் போட்டால் மறுநாள் மொட்டை விட்டுவிட்டு எண்ணைத்தான் பார்ப்பீர்கள். வாரம் ஒருமுறை ஒருவருக்கு மட்டும், இரண்டு படங்களாக அனுப்புங்கள். அரட்டைச் செயலி வழியாகப் போகும் படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் பெரும்பாலும் அழிந்துவிடும். மூலப்படத்தைத் தனியாகக் காத்து வையுங்கள்.

எடிட் செய்வதென்றால் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு. சாய்வை நேராக்கலாம், வெளிச்சத்தைச் சற்றுத் திருத்தலாம். நிறச் செறிவைத் தொடாதீர்கள். இருபதாம் நாளின் பச்சை இலையிலிருந்து வந்ததா நகர்த்துபொத்தானிலிருந்து வந்ததா என்ற சந்தேகம் வந்தால் வரிசை செத்துவிடும்.

மாத முடிவில் அச்சடித்துவிடுங்கள். 10க்கு 15 சென்டிமீட்டர் அச்சுக்கு 1200க்கு 1800 பிக்சல் போதும். எந்தப் போனும் அதைத் தரும். வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை ஒட்டினால் 75க்கு 60 சென்டிமீட்டர் சுவர் தேவை. எடுக்காத நாளின் இடத்தை வெறுமையாகவே விடுங்கள்.

அடுத்த ஆண்டு இதே தேதிக்குப் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். அதற்குள் கல் நகர்ந்திருக்கும், எங்கே நின்றோம் என்பது மறந்திருக்கும். அதனால் கல், சுவர், கிளை மூன்றும் தெரியும்படி பின்னால் தள்ளி நின்று அகலமாக ஒரு படம் எடுத்து, அதையும் அதே ஆல்பத்தில் போட்டுவையுங்கள்.